எஃகில் பதிந்த கடற்போர்

1852-இல் நியூயார்க்கில் வங்கி நோட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் வாட்டர்மேன் லில்லி ஆர்ம்ஸ்பி. நோட்டு அச்சடிக்கும் எஃகுத் தகடுகளில் சித்திரம் செதுக்குவது அவர் தொழில். அன்றைய அமெரிக்காவில் ஊருக்கு ஊர் தனியார் வங்கிகள் தத்தம் நோட்டை அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டன. கள்ள நோட்டுக்கும் குறைவில்லை. தனித்தனி அச்சுத் துண்டுகளைச் சேர்த்து நோட்டு தயாரிக்கும் வழக்கமே கள்ள நோட்டுக்காரனுக்கு வழிவிடுகிறது, நோட்டு முழுவதும் ஒரே சித்திரமாக இருந்தால் போலி செய்வது கடினம் என்பது ஆர்ம்ஸ்பியின் வாதம்.

இதே மனிதர்தான் சாமுவேல் கோல்ட்டின் ரிவால்வர்களுக்கும் படம் செதுக்கிக் கொடுத்தவர். குண்டும் மருந்தும் அடைக்கும் சிலிண்டரைச் சுற்றி அந்தப் படம் ஓடும். 1847-இன் வாக்கர் மாடலில் டெக்சஸ் ரேஞ்சர்களும் கமான்சி வீரர்களும் மோதும் குதிரைச் சண்டை. 1849-இன் பாக்கெட் மாடலில் கோச்சு வண்டியை வழிமறிக்கும் கொள்ளையர். 1851-இன் நேவி மாடலில் ஒரு கடற்போர்: 1843 மே 16 அன்று மெக்சிகோவின் காம்பெச்சே கரைக்கு அருகே டெக்சஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதிக்கொண்டது. அந்தத் தேதியும் ஆர்ம்ஸ்பியின் பெயரும் சிலிண்டரிலேயே பொடி எழுத்தில் இருக்கின்றன. அழகுக்கு அழகாகவும், நகலெடுப்பவனுக்குத் தடையாகவும் இருக்கட்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

ஏறத்தாழ 170 ஆண்டுகள் கழித்து, அந்தத் தடை இன்னும் வேலை செய்கிறது. சித்திர வேலைப்பாடுள்ள பழைய ரிவால்வர் ஒன்று ஏலத்துக்கு வந்தால், விவரம் தெரிந்த சேகரிப்பாளர் முதலில் லென்ஸை வைப்பது இந்தப் படத்தின் மேல்தான். அரிய பழைய ரிவால்வரைச் சேகரிப்பது என்றால், அந்த உலோகத்தில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று வரிசையைப் படிக்கத் தெரிந்துகொள்வது. அந்தப் படிப்புக்குள் வேதியியல் இருக்கிறது, உலோகவியல் இருக்கிறது, ஒளியியலும் இருக்கிறது.

முதலில் இந்த ரிவால்வர்கள் எந்தக் காலத்துச் சரக்கு என்று பார்த்துவிடலாம். இன்றைய தோட்டாவில் குண்டு, மருந்து, பற்றவைக்கும் வேதிப்பொருள் மூன்றும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் இருக்கின்றன. அன்று அப்படி இல்லை. சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, அதன் மேல் ஈயக் குண்டை வைத்து அழுத்த வேண்டும். பின்பக்கத்தில் நிப்பிள் எனப்படும் துளையுள்ள சிறு காம்பு இருக்கும். அதன் தலையில் மிளகளவு செம்புத் தொப்பி ஒன்றை மாட்ட வேண்டும். தொப்பிக்குள் அடியை உணரும் மருந்து. விசையை இழுத்தால் சுத்தி வந்து தொப்பியைத் தட்டும். தீப்பொறி துளை வழியே இறங்கிக் கருமருந்தைப் பற்றவைக்கும். தீபாவளித் துப்பாக்கியில் நாம் வெடிக்கும் பொட்டும் இதே தத்துவம்தான், உள்ளே இருக்கும் மருந்து வேறு.

அந்தத் தொப்பி மருந்தின் முக்கியச் சரக்கு மெர்க்குரி ஃபல்மினேட். லண்டனில் எட்வர்ட் ஹவார்ட் 1800-இல் அதன் தயாரிப்பை விளக்கினார். அடியால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்த 1807-இல் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். செம்புத் தொப்பி 1820-களில் பரவியது. இத்தனை காலம் புழங்கிய இந்த வேதிப்பொருளின் படிக அமைப்பு உறுதியாகத் தெரிய வந்தது 2007-இல்தான். ஜெர்மனியின் மியூனிக் விஞ்ஞானிகள் அதைக் கண்டார்கள். நடுவில் பாதரசம், இருபுறமும் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்று ஏறக்குறைய நேர்கோட்டில் நிற்கும் மூலக்கூறு அது. சிறு அடி விழுந்தாலும் கட்டு குலைந்து, நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் ஆகச் சிதறிவிடும்.

கோல்ட் தமது சுழலும் சிலிண்டருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1836 பிப்ரவரி 25. நியூஜெர்சியின் பேட்டர்சனில் தொடங்கிய முதல் கம்பெனி 1842-இல் நொடித்துப்போனது. 1847-இல் மெக்சிகோ போருக்காக வந்த ராணுவ ஆர்டர் அவரைத் தூக்கி நிறுத்தியது. அந்த வாக்கர் மாடலில் ராணுவத்துக்கு 1,000, வெளியாருக்கு 100, ஆக மொத்தம் 1,100 தான் தயாரானது. முழுத் தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகத் துளை முழுவதும் ஊடுருவிய சிலிண்டர் வேண்டும்; அதன் காப்புரிமை 1869 வரை போட்டிக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸன் கையில் இருந்ததால், கோல்ட் கம்பெனி 1870-கள் வரை தொப்பி ரிவால்வர்களையே செய்துகொண்டிருந்தது. நேவி மாடல் மட்டும் ஹார்ட்ஃபோர்ட் தொழிற்சாலையில் சுமார் 2,15,000.

எண்ணிக்கை இவ்வளவு என்றால் அரியது என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் இரண்டு வகைச் சித்திரங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சிலிண்டரில் உள்ள கடற்போர் உளியால் வெட்டியது இல்லை, அழுத்திப் பதித்தது. ஆர்ம்ஸ்பி மென்மையான எஃகுத் தகட்டில் படத்தைச் செதுக்குவார். அதைச் சூடேற்றிக் குளிரவைத்துக் கடினமாக்குவார்கள். அதன் மேல் மென்மையான எஃகு உருளை ஒன்றைப் பெரும் அழுத்தத்தில் உருட்டினால் படம் மேடாக அதில் ஏறும். அந்த உருளையையும் கடினமாக்கி, ரிவால்வரின் சிலிண்டர் மேல் அழுத்தி உருட்டினால் படம் பள்ளமாக இறங்கும். வங்கி நோட்டுத் தகடு தயாரிக்கும் அதே உத்தி. உலோகம் வெளியேறுவதில்லை, பக்கவாட்டில் ஒதுங்குகிறது, அவ்வளவே. பள்ளம் மயிரிழை ஆழம்தான். உறைக்குள் போய் வந்து தேய்ந்தால் முதலில் கடல் அலைகள் மறையும், பிறகு கப்பலின் கயிறுகள், கடைசியில் பாய்கள். எத்தனை சதவீதம் காட்சி மிச்சம் இருக்கிறது என்பதையே சேகரிப்பாளர்கள் ஒரு மதிப்பீடாகப் பேசுகிறார்கள். லட்சக்கணக்கில் பதிந்த படம்தான். முழுசாக மிஞ்சியவை சொற்பம்.

இரண்டாவது வகை கைவேலை. குழல், சட்டம், சுத்தி, கைப்பிடியின் முதுகு எல்லாவற்றிலும் உளி வைத்துக் கொடியும் இலையும் வெட்டுவது. இதைத் தனியாகக் கேட்டுப் பணம் கொடுத்தவர்களுக்கும், கோல்ட் பரிசாகக் கொடுத்தவர்களுக்கும் மட்டுமே செய்தார்கள். மிக நேர்த்தியாகச் செய்தவர்களில் பலர் ஜெர்மன் நாட்டுக் கைவினைஞர்கள். பிரஷ்யாவில் 1827-இல் பிறந்த கஸ்டாவ் யங் அவர்களில் தலையானவர். கோல்ட்டுக்கு வேலை செய்துவிட்டுப் பிறகு ஸ்மித் அண்ட் வெஸனுக்குப் போனார். அவர் பாணியில் கொடி நெருக்கமாகச் சுருண்டு சுருண்டு ஓடும், பின்புலம் முழுக்க ஊசிமுனைப் புள்ளிகள், சுத்தியின் பக்கவாட்டில் வாய் திறந்த ஓநாய்த் தலை. இன்னொருவர் நியூயார்க்கின் லூயிஸ் டேனியல் நிம்ஷ்கே. அவர் தாம் செதுக்கிய துப்பாக்கிகளின் மேல் மையைத் தடவிக் காகிதத்தில் ஒற்றியெடுத்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்தார். அந்த ஒற்றுப் படங்கள் பிழைத்துக் கிடந்து, பின்னாளில் புத்தகமாகவும் வந்தன. ஒரு துப்பாக்கியின் கொடியை அந்தப் படத்தோடு கோட்டுக்குக் கோடு ஒப்பிட முடியும். கைவினைஞர்கள் பெயரில்லாமல் மறைந்துபோன அந்தக் காலத்தில், தன் வேலைக்குத் தானே ஆவணம் வைத்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

கோல்ட் இந்தக் கலையை வியாபாரத்துக்கு நன்றாகவே பயன்படுத்தினார். கிரிமியப் போர் நடந்த 1854-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸுக்குத் தங்கம் பதித்த ரிவால்வர்களைப் பரிசளித்தார். எதிர்முகாமான துருக்கிக்கும் பிரிட்டனுக்கும் அதே சமயம் விற்றுக்கொண்டிருந்தார். ஜார்ஜ் வாஷிங்டனின் முகம் தங்கத்தில் பதித்த டிராகூன் மாடல் ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தங்கம் அதில் ஒட்டிய பூச்சு இல்லை. எஃகில் பள்ளம் வெட்டி, பள்ளத்தின் ஓரத்தை உள்பக்கமாகக் குடைந்து, தங்கக் கம்பியை வைத்துத் தட்டுவார்கள்; தங்கம் விரிந்து குடைவுக்குள் புகுந்து கவ்விக்கொள்ளும்.

விலை எங்கே போகும் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். பெட்டியோடு கிடைத்த வாக்கர் ரிவால்வர் ஒன்று 2018-இல் இல்லினாய்ஸ் ஏலத்தில் 18,40,000 டாலருக்குப் போனது. கைவேலைப்பாடு இருந்தால் சாதாரண மாடலின் விலையும் பல மடங்கு ஏறும். ஆகவே, வேலைப்பாடு இல்லாத உண்மையான பழைய ரிவால்வரை எடுத்து, அதன் மேல் இன்று கொடி செதுக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். துப்பாக்கி அசல், வரிசை எண் அசல், சித்திரம் மட்டும் நேற்றையது. போலிகளில் பிடிப்பதற்குக் கடினமான வகை இது.

பிடிக்க உதவுவது தொழிற்சாலையில் வேலை நடந்த வரிசை. சட்டத்தைக் காய்ச்சி அடித்து உருவாக்கி, ராவி, மெருகிட்ட பிறகு உலோகம் இன்னும் மென்மையாக இருக்கும்போதே செதுக்குபவர் கைக்குப் போகும். செதுக்கி முடித்த பிறகே அதை எலும்புக் கரியும் தோல் கரியும் நிறைத்த பெட்டியில் புதைத்துச் செந்தழலாகச் சுட்டுத் தண்ணீரில் இறக்குவார்கள். கரியிலுள்ள கார்பன் மேற்பரப்புக்குள் ஊடுருவி மேல்தோல் மட்டும் கண்ணாடிபோல் கடினமாகிறது. கூடவே நீலம், ஊதா, வைக்கோல் மஞ்சள் என்று நிறங்கள் படர்கின்றன. அந்த நிறம் சாயத்தால் வந்ததில்லை. மேலே உருவாகும் ஆக்சைடு படலம் ஒளி அலையைவிட மெல்லியது. படலத்தின் மேல்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு, படலத்தின் கனத்துக்கு ஏற்றபடி ஒரு நிறத்தைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கிறது.

இப்போது லென்ஸை ஒரு கொடியின் சுருள் மேல் வைத்துப் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கம் போதும். உண்மையான பழைய வேலையில் கோட்டின் அடிப்பள்ளத்தில் அந்த ஆக்சைடு நிறம் இன்னும் ஒட்டியிருக்கும். உறையும் கையும் உரசியது மேட்டில். பள்ளத்துக்குள் எதுவும் நுழையவில்லை. கோட்டின் இரு விளிம்பும் மேட்டோடு சேர்ந்து மழுங்கியிருக்கும். பிற்காலத்தில் வெட்டியது என்றால் தேய்ந்து மழுங்கிய பரப்பின் நடுவே கூர்மையான விளிம்போடு கோடு நிற்கும், அடிப்பள்ளம் வெள்ளையாக மின்னும், அல்லது இன்றைய இரசாயனக் கறுப்பு அடர்த்தியாகப் படிந்திருக்கும். அதோடு, கடினமாக்கிய மேல்தோலில் உளி எளிதில் இறங்காது. பின்னாளில் செதுக்குபவர் முதலில் சட்டத்தைச் சூடாக்கிப் பதத்தை இறக்க வேண்டும். சூடாக்கினால் பழைய நிறம் போய்விடும். போன நிறத்தைத் தீ நாக்காலும் அமிலத்தாலும் திரும்ப வரைந்தால், அது கண் பழகியவருக்குத் தெரிந்துவிடும்.

துருக் குழிகள் இன்னும் நல்ல சாட்சி. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடமான எச்சமாகவே மிஞ்சும்: பொட்டாசியம் கார்பனேட், சல்ஃபேட், சல்ஃபைடு. இவை காற்றின் ஈரத்தை இழுப்பவை. தொப்பி மருந்தில் கலந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு கிடைக்கிறது. அது சமையல் உப்பின் நெருங்கிய உறவு. இரும்பின் மேல் உப்பும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கடற்கரை வீட்டுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் சுட்டுப் பழகிய ரிவால்வர்களில் நிப்பிளைச் சுற்றியும் அதன் பின்னால் உள்ள தகட்டிலும் குழிகள் அதிகம். அந்த இடத்தில் ஒரு கொடி ஓடினால், குழியும் கோடும் சந்திக்கும் புள்ளியைத் தேட வேண்டும். கோட்டின் ஓரத்தைக் குழி அரித்திருந்தால் கோடு மூத்தது. குழியின் ஓரத்தைக் கோடு சுத்தமாக வெட்டிக்கொண்டு போனால் குழி மூத்தது. சித்திரம் பின்னால் வந்தது. எந்த விற்பனைச் சீட்டும் எந்தக் குடும்பக் கதையும் இந்த ஒரு புள்ளிக்கு முன்னால் நிற்காது.

ஆர்ம்ஸ்பியின் கடற்போரும் இங்கே உதவிக்கு வருகிறது. கைவேலைப்பாடுள்ள கோல்ட்டுகளிலும் சிலிண்டரில் பெரும்பாலும் அந்தப் பதிப்புக் காட்சியையே விட்டு வைத்தார்கள். குழலும் சட்டமும் பளபளக்கும் கொடியோடு இருக்க, சிலிண்டரில் கப்பல்கள் அடையாளமே தெரியாமல் தேய்ந்திருந்தால், ஒரே துப்பாக்கியின் இரு பாகங்கள் இரு வேறு வயதைச் சொல்கின்றன என்று பொருள். அதேபோல், மேலே புதிதாகச் செதுக்க வேண்டுமானால் பரப்பைத் திரும்ப மெருகிட வேண்டும். சட்டத்தின் இடப்பக்கம் உள்ள கோல்ட் காப்புரிமை முத்திரை ஆழம் குறைந்து மங்கும். குழல், சட்டம், சிலிண்டர், விசைக்காப்பு என்று பாகத்துக்குப் பாகம் குத்திய வரிசை எண் ஒன்றாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் தனி வேலைப்பாட்டுக்கு ஒதுக்கியவற்றில் எண்ணின் அருகே ஒரு சிறு புள்ளி குத்துவதும் வழக்கம்.

எண்ணை ராவி அழித்தாலும் உலோகம் முழுவதும் மறப்பதில்லை. குத்தும்போது எண்ணுக்குக் கீழே உள்ள படிகங்களும் நசுங்குகின்றன. அந்த இடத்தில் காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த திரவத்தைத் தடவினால், நசுங்கிய உலோகம் சுற்றியிருப்பதைவிட வேறு வேகத்தில் அரிபட்டு எண் நிழலாக எழும். காவல்துறைத் தடயவியல் கூடங்களில் இது அன்றாட முறை. சேகரிப்பாளர் இதைச் செய்வதில்லை, செய்யவும் கூடாது; பொருள் கெட்டுவிடும். அவருக்கு ஏற்றது எக்ஸ்-கதிர் ஒளிர்வு அளவீடு. கையடக்கக் கருவியைப் பரப்பின் மேல் வைத்தால் எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும். 1950-களின் கடைசியிலிருந்து இத்தாலியில் இந்த மாடல்களின் நகல்கள் தயாராகின்றன. அவற்றைத் துருப்பிடிக்கவைத்துப் பழசாக்கி விற்பதும் நடக்கிறது. தாராளமாக மாங்கனீசு கலந்த இன்றைய எஃகும் மெட்ரிக் அளவு திருகு மரைகளும் அந்த வேடத்தைக் கலைத்துவிடும்.

கைப்பிடி தந்தமாக இருந்தால் அதற்கும் ஒரு சோதனை உண்டு. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். வெளிவட்டத்தில் அவை சந்திக்கும் கோணம் யானைக்கு விரிகோணம், மறைந்துபோன மாமதத்துக்குக் குறுங்கோணம். எலும்பில் இந்த வலையே இருக்காது, பிளாஸ்டிக்கில் போலியாக வரைந்த இணைகோடுகள் இருக்கலாம்.

பாதுகாப்பது தனிக் கலை. விரல் வியர்வையில் உள்ள உப்பு ஒரே இரவில் ரேகையைத் துருவாக எழுதிவிடும், கையுறை கட்டாயம். பழைய தோல் உறைக்குள் போட்டு வைக்கக் கூடாது, தோல் பதப்படுத்திய அமிலம் இரும்பைத் தின்னும். அழகான மரப்பெட்டியும் முழு நம்பிக்கைக்கு உரியதில்லை: மரம் மெல்ல வெளியிடும் அசெட்டிக் அமில ஆவியில் ஈயக் குண்டுகள் வெள்ளைப் பொடி பூத்துப் போகும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. ஈரம் படாத கருமருந்து நூறு ஆண்டு கழித்தும் வலு இழப்பதில்லை. அடைத்தபடியே பரணில் கிடந்த ரிவால்வர்கள் உண்டு. பழையது என்பதால் வெறுமையானது என்று யாரும் எண்ண வேண்டாம்.

அமெரிக்கச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கியைத் தொல்பொருளாகக் கருதுகிறது. அங்கே இந்தச் சேகரிப்பு செழிப்பதற்கு அதுவும் காரணம். நம் நாட்டில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழங்கால மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு அளிப்பது, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருந்தால் மட்டுமே. நூறாண்டு தாண்டிய பொருளுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

ஆகவே தாத்தா வீட்டுப் பரணில் இப்படி ஒன்று அகப்பட்டால், அதைச் சுட்டுப் பார்க்கவோ பிரிக்கவோ முயலாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அதன் பிறகு அது சட்டப்படி உங்கள் கைக்கு வந்தாலும் புளி, எலுமிச்சை, உப்புத்தாள் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பளபளப்பாக்கிய ரிவால்வரைப் பார்த்து அதன் சித்திரம் எப்போது வெட்டியது என்று சொல்வது மிகவும் கடினம். அந்தப் பழுப்பும் குழியும் மழுங்கிய கோடும் அப்படியே இருக்கட்டும். விவரம் தெரிந்தவர் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்க்கும் வரை கை வைக்காமல் காத்திருங்கள்.